தொகாஷி ஐயாவின் வலது கால்

எங்கள் வீட்டில் சமையல் குச்சி நிலைப்பதில்லை. பொரிக்கவும் புரட்டவும் நீளமாக ஒரு ஜோடி வாங்கி அடுப்படியில் மாட்டினால், ஒரே வாரத்தில் அதில் ஒன்று காணாமல் போய்விடும். தேடி அலைய வேண்டியதில்லை. வீட்டை ஒட்டியிருக்கும் எங்கள் கார் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தால் போதும், என் நாத்தனார் தமாகியின் பல்லுக்கிடையில் அது இருக்கும். மறுமுனை ஏதாவது ஒரு எஞ்சின் மேல் ஊன்றியிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு பல் வழியாகச் சத்தம் கேட்கிறாளாம்.

"டாக்டர் மாதிரி ஒரு குழாய் வாங்கிக்கயேண்டி" என்றால், "அதுல பொரிச்ச எண்ணெய் ருசி வராதே அண்ணி" என்பாள்.

என் கணவர் குளிர்காலம் முழுக்க நகராட்சியின் பனி தள்ளும் வண்டியோடு போய்விடுவார். அந்த மாதங்களில் பட்டறை தமாகியின் கையில், மேஜையும் டெலிபோனும் வருகிறவர்களுக்குத் தேநீரும் என் கையில். நாங்கள் இரண்டு பேரும் ஒரு நாளில் பத்துத் தடவையாவது வாய்ச்சண்டை போடுவோம். அவளிடம் கிடையாத குணம் ஒன்று உண்டென்றால் அது அடக்கம். ஒரு வண்டியைச் சரிசெய்துவிட்டால் ஊரைக் கூட்டிச் சொல்வாள். சரிசெய்ய முடியாமல் போனால் அந்த வண்டியைச் செய்தவனைத் திட்டுவாள். அவளைப் புகழ எனக்கு மனசு வராது, அவளே அந்த வேலையையும் செய்துகொள்வதால் தேவையும் இல்லை. ஆனால் பிப்ரவரியில் நடந்த ஒரு விஷயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

தொகாஷி ஐயா எங்கள் பழைய வாடிக்கை. எழுபதைத் தாண்டியவர். ஆற்றுக்கு மேலே, மலையடிவாரத்தில் வீடு. அவர் மனைவி மினே அம்மாவுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கணவாயைத் தாண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்திகரித்துக்கொண்டு வர வேண்டும். பஸ் நின்று வருஷமாகிறது. எங்கள் ஊரில் டாக்சிக்காரர் ஒருவர்தான், அவருக்கே பாதி நாள் இடுப்பு வலி. ஆகவே தொகாஷி ஐயாதான் மனைவியை உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு போவார், மாலையில் கூட்டிக்கொண்டு வருவார். இருபது வருஷத்துக்கு மேற்பட்ட வெள்ளைக் கார். அந்தக் காருக்குள் செருப்புக் கால் படக் கூடாது. ஏறும்போதே ரப்பர் பூட்ஸைக் கழற்றி ஒரு தட்டில் வைத்துவிட்டு, சாக்ஸ் காலோடுதான் ஓட்டுவார். வீட்டுக் கூடத்தைப் போல அதைத் துடைத்து வைத்திருப்பார்கள்.

ஜனவரிக் கடைசியில் ஒரு காலை, சாமான் கடை வாசலில் வண்டியை நிறுத்தப் போனார். பின்னால் எடுத்து, கியரை முன்னால் போட்டார். வண்டி சட்டென்று பாய்ந்து, ஒதுக்கிவைத்த பனி மேட்டில் ஏறி, விற்பனைக்கு நிறுத்தியிருந்த பனி மண்வெட்டிகளை வரிசையாகச் சாய்த்துவிட்டது. மண்வெட்டிகளைத் தவிர யாருக்கும் எதுவும் இல்லை. ஆனால் அந்த வழியாகத்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவார்கள். அரை மணி முன்னால் நடந்திருந்தால் என்ற பேச்சு அன்று மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

இப்போதெல்லாம் வயசானவர் ஓட்டிய கார் எங்கே முட்டினாலும் காரணம் ஒன்றுதான்: பிரேக்கென்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டார். டெலிவிஷனில் வாரம் ஒரு செய்தி வருகிறது. தொகாஷி ஐயா, "நான் மிதிக்கலை, அதுவா பாஞ்சுது" என்று போலீஸ்காரரிடம் சொன்னார். போலீஸ்காரர் தலையை ஆட்டிக்கொண்டார். கடைக்காரர் மண்வெட்டிகளை நிமிர்த்தினார். ஆடத் தெரியாதவள் தெருக் கோணல் என்றாளாம் என்று முடிவெட்டும் கடையில் சிரித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

பிப்ரவரியில் அவர் மகன் மசாநோரி டோக்கியோ பக்கத்திலிருந்து லீவு போட்டுவிட்டு வந்தான். தமாகியோடு ஒரே வகுப்பில் படித்தவன். நல்ல பிள்ளைதான், ஆனால் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தாமல் இருக்க மாட்டான். ஒரு காலை, அவனுடைய வாடகைக் கார் முன்னால் வர, அப்பாவின் வெள்ளைக் கார் பின்னால் வர, இரண்டும் எங்கள் வாசலில் வந்து நின்றன. மசாநோரி இனிப்புப் பெட்டியை இரண்டு கையாலும் நீட்டி என்னிடம் குனிந்தான்.

"அக்கா, உங்களுக்குத்தான் தொந்தரவு. அப்பா வண்டியை உடைக்கப் போடணும். நம்பர் பிளேட்டைக் கழட்டிக் குடுத்துட்டீங்கன்னா, அதைத் திருப்பிக் குடுத்து வண்டிப் பதிவை ரத்து பண்ணிட்டு அப்படியே போலீஸ் ஸ்டேஷன் போய் லைசென்ஸையும் திருப்பிக் குடுத்துடுவோம்."

"மினே அம்மா?"

"இன்னிக்கு ஆஸ்பத்திரியில இருக்காங்க, சாயந்தரம் நான் போய்க் கூட்டிட்டு வந்துடறேன். வசந்தத்துலேருந்து எங்க பக்கத்துல ஒரு முதியோர் இல்லத்துல இடம் கிடைச்சிருக்கு. ஆஸ்பத்திரியும் அதுக்குள்ளயே இருக்கு."

"அப்ப ஐயா?"

மசாநோரி கதவுப் பக்கம் திரும்பினான். அங்கே பூட்ஸிலிருந்து பனியைத் தட்டிக்கொண்டிருந்த தொகாஷி ஐயா, "நான் இங்கேயேதான். வீட்டுக் கூரையில பனி அள்ள ஆள் வேணுமே" என்றார். போன வருஷம் அந்தக் கூரையிலிருந்து விழுந்துதான் அவருடைய இடது தோள் போனது. இன்றைக்கும் கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாது.

ஐம்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்த இரண்டு பேரை ஒரு வலது கால் பிரித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்து என்ன செய்ய? தேநீர் ஊற்றி, ஊறுகாய்த் தட்டை நகர்த்தி வைத்து, "தமாகி! வெள்ளை வண்டியைப் பின்னாடி தள்ளி நிறுத்திட்டு பிளேட்டைக் கழட்டு" என்று சத்தம் கொடுத்தேன்.

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். திருப்புளியோடு போனவள் முன்பக்கப் பிளேட்டின் ஒரு திருகைக் கழற்றினாள். பிறகு, வண்டியை முதலில் நகர்த்திவிடலாம் என்று தோன்றியதோ என்னவோ, ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தாள். கியரைப் போட்டாள். வண்டி ஒரு துள்ளு துள்ளி நின்றது. அவள் இறங்கவில்லை. எஞ்சினையும் நிறுத்தவில்லை. கியரைத் திரும்பத் தள்ளிவிட்டு, கண்ணாடியை இறக்கி, தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு கார் ஜன்னலுக்குள்ளிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். அன்றைய சமையல் தாமதமாகும் என்று அர்த்தம்.

வண்டியைப் பின்பக்கம் கொண்டுபோகாமல், பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"அண்ணி, இதை நான் உடைக்க மாட்டேன்."

"உன்னை யாருடி கேட்டா? பிளேட்டைக் கழட்டச் சொன்னாங்க, கழட்டு."

"இது கால் இல்ல. இது எஞ்சின்."

மசாநோரி தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "தமாகி, வேண்டாம். நாலு மாசமா ரெண்டு மாசமா யோசிச்சு எடுத்த முடிவு இல்ல இது, இருந்தாலும் எடுத்தாச்சு. அம்மா அழுது முடிச்சாச்சு. இப்ப வந்து அவருக்கு வீண் ஆசை காட்டாத. சாக்ஸ் கால், வழுக்கியிருக்கு, அவ்வளவுதான்."

"நீ பாத்தியா?"

"பாக்கணுமா என்ன?"

"சைக்கிள் செயின் கழண்டா நடு ரோட்டுல நின்னு அழுதவன்தானே நீ? அன்னிக்கு யாருடா மாட்டிக் குடுத்தா? சும்மா உக்காரு." அவனை அடக்கிவிட்டுத் தொகாஷி ஐயாவிடம் திரும்பினாள். "ஐயா, வாங்க. உங்க வண்டியில நீங்களே ஏறுங்க. பூட்ஸைக் கழட்டிட்டு."

அவர் மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து போனார்.

"எஞ்சின் நல்லா சூடா இருக்கு. கியரை நிறுத்துற எடத்துல போட்டு, கைப்பிரேக்கையும் இழுத்திருக்கேன், பயப்படாதீங்க. இப்ப ரெண்டு காலையும் மேல எடுங்க."

"மேலன்னா?"

"சீட்டு மேல. கோயில்ல உக்கார்ற மாதிரி மடிச்சு உக்காருங்க."

இப்படிச் சொல்ல இந்த உலகத்தில் அவளுக்குத்தான் தோன்றும். எழுபது வயசு மனிதர், ஓட்டுநர் இருக்கையில் முழங்காலை மடித்து, பாதங்களைப் பின்னால் வைத்து, இரண்டு கையையும் தொடைமேல் வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்தார். தலை கூரையில் இடித்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"மசாநோரி, இங்க வா. உங்க அப்பா கால் எங்க இருக்குன்னு பாத்துக்க. இப்ப அந்த முள்ளைப் பாரு."

நானும் போய் எட்டிப் பார்த்தேன். எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் முள் முதலில் கீழே சாதுவாக இருந்தது. பிறகு யாரோ மிதித்ததுபோல மெதுவாக ஏறத் தொடங்கியது. எஞ்சின் உறுமியது. முள் பாதிக்கு மேலே போய், பொத்தென்று விழுந்தது. எஞ்சின் தும்மியது. மறுபடி ஏறியது. மறுபடி விழுந்தது. மூச்சு வாங்குகிறவரைப் போல ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. தமாகி கையை விட்டுக் கண்ணாடிப் பனி போக்கும் பொத்தானை அழுத்தினாள். முள் ஒரே தாவலாகத் தாவியது, வண்டி முழுவதும் அதிர்ந்தது.

"அன்னிக்குக் கடை வாசல்ல இந்தப் பொத்தான் போட்டிருந்தீங்களா?"

"போட்டிருந்தேன். கண்ணாடி மூடியிருந்துச்சு."

"இந்த வேகத்துல இருக்கறப்ப கியரை முன்னாடி போட்டா எந்த வண்டியும் பாயும். நான் போட்டாலும் பாயும். இப்ப எனக்கும் பாஞ்சுது, அண்ணியே ஜன்னல்ல பாத்தாங்க."

தொகாஷி ஐயா அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். மடித்த கால்களை ஒரு கையால் தொட்டார், அவை அங்கேதான் இருக்கின்றனவா என்று பார்ப்பதுபோல. "என் கால் இல்ல" என்றார். யாரிடமும் சொல்லவில்லை. இன்னொரு தடவையும் சொன்னார். "என் கால் இல்ல." இத்தனை நாளாக அந்த மனிதர் தன் உடம்பில் ஒரு பாகத்தையே நம்பாமல் படுத்து எழுந்திருக்கிறார்.

மசாநோரி முள்ளை நோக்கிக் குனிந்தான். "ஏன் இப்படி ஆகுது?" என்றான்.

"அதைத்தான் இப்பக் கண்டுபிடிக்கப் போறேன். அண்ணி, சோறு லேட்டாகும்."

"தெரியும்" என்றேன்.

அவள் வேலை செய்வதை நான் நின்று பார்த்ததே இல்லை. எனக்குக் கணக்கு இருக்கும், டெலிபோன் இருக்கும். அன்றைக்கு எதுவும் ஓடவில்லை, ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டேன். மண்ணெண்ணெய் அடுப்பின் மேல் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது.

முதலில் ஆக்ஸிலேட்டர் கேபிளை விரலால் தூக்கிப் பார்த்தாள். தளர்வாக, சரியாக இருந்தது. மிதியடி சுருண்டு பெடலில் மாட்டுகிறதா என்று பார்த்தாள். இல்லை. அப்புறம் என் சமையல் குச்சி வாய்க்குப் போனது. எஞ்சினின் ஒவ்வொரு மூட்டிலும் ஊன்றிக் கேட்டாள். வாயில் குச்சியோடு எங்களுக்கு விளக்கமும் சொன்னாள், பாதி புரிந்தது. குச்சியை எடுத்ததும் மீதியும் புரிந்தது.

"எஞ்சின் காத்து குடிக்குது. நாம காலை எடுத்துட்டா காத்துக் கதவு மூடிக்கணும். இங்க எங்கேயோ திருட்டுத்தனமா காத்து உள்ள போகுது. காத்து போனா பெட்ரோலும் போகும், வேகம் ஏறும். 'யாரும் மிதிக்கலையே, ஏன் ஏறுது'ன்னு உள்ள இருக்கற கம்ப்யூட்டர் பயந்துபோய் பெட்ரோலை நிறுத்தும். வேகம் விழும். ஐயோ அணைஞ்சுடப் போகுதேன்னு மறுபடி குடுக்கும். மறுபடி ஏறும். புதுசா மருமக வந்த வீட்டுல மாமியார் பண்ற மாதிரி."

"என்னைச் சொல்றியா, உங்க அம்மாவைச் சொல்றியா?" என்றேன்.

"பொதுவாச் சொன்னேன் அண்ணி."

காற்று எங்கே திருட்டுத்தனமாகப் போகலாம் என்று ஒவ்வொரு வழியாக அடைத்துக்கொண்டு வந்தாள். பழைய வண்டியில் ரப்பர் குழாய் வெடிப்பது சகஜம். இடுக்கியில் துணியைச் சுற்றி ஒவ்வொரு குழாயாக நசுக்கிப் பிடித்தாள். முள் அசையவில்லை. வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகத்தைப் பார்த்துக்கொள்ளும் சின்ன வால்வுக்குக் காற்றுக் கொண்டுபோகும் குழாயையும் அடைத்தாள். கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏறியது. அவசரமே இல்லை அவளிடம். எங்களோடு கத்துகிற வாய் எங்கே போனது என்று தெரியவில்லை. ஒன்றை அடைப்பாள், காத்திருப்பாள், முள்ளைப் பார்ப்பாள், தலையை ஆட்டுவாள், அடுத்ததற்குப் போவாள். நான் பருப்பில் கல் பொறுக்கும்போதுகூட இவ்வளவு பொறுமையாக இருந்ததில்லை.

கடைசியில் காற்று உள்ளே வரும் பெரிய குழாயையே கழற்றினாள். கழற்றியவள், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் வாயைத் தன் உள்ளங்கையால் இறுக்கிப் பொத்தினாள். எஞ்சின் விக்கி, அப்படியே நின்றுவிட்டது.

பட்டறை நிசப்தமானது. கெட்டில் மட்டும் பாடியது.

"அப்ப வேற எங்கேயும் ஓட்டை இல்ல" என்றாள். "இருந்திருந்தா இதைப் பொத்தினதுக்கப்புறமும் ஓடியிருக்கும். எல்லாக் காத்தும் வாசல் வழியாத்தான் வருது. மூடியிருக்கற வாசல் வழியா."

டார்ச்சை எடுத்து உள்ளே அடித்தாள். அடித்தவள் விசிலடித்தாள். "அண்ணி, வந்து பாருங்க. உங்க பாத்திரம்கூட இப்படி இருக்காது."

உள்ளே ஒரு வட்டமான வழி, அதை மூடிக்கொண்டு காசு மாதிரி ஒரு தகடு. எல்லாம் பளபளவென்று மின்னியது. முகம் பார்க்கலாம்.

"அழகா இருக்கே" என்றேன்.

"அழகா இருக்கறதுதான் வினை. இருபது வருஷ வண்டியில இந்த எடம் கருப்பா இருக்கணும். இந்தத் தகடு குழாய்ச் சுவரோட சேர்ற ஓரத்துல, வண்டி செய்யறப்பவே ஒரு கருப்புப் பூச்சு பூசியிருப்பாங்க. அதுதான் இடுக்கை அடைக்கும். பாக்கறதுக்குக் கரி புடிச்ச மாதிரிதான் இருக்கும். கருப்பா இருக்கறதெல்லாம் அழுக்கா? யாரோ மருந்து அடிச்சு, பிரஷ் போட்டு, சுரண்டிச் சுரண்டி எடுத்திருக்காங்க." தகட்டுக்குப் பின்னால் சின்ன விளக்கை நுழைத்துவிட்டு என்னைப் பார்க்கச் சொன்னாள். மூடிய தகட்டின் ஓரத்தில், பிறை போல மெல்லிசாக ஒரு வெளிச்சம். "அதோ, அந்த வழியாத்தான். வீட்டுக் கதவுக்குக் கீழ குளிர்காத்து வர்ற மாதிரி." பிறகு அருகிலிருந்த மூடியைத் தடவினாள். அங்கே சதுரமாகக் கொஞ்சம் பசை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. "'இதைச் சுத்தம் செய்யாதீர்கள்'னு இங்க ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க. அதையும் அழுக்குன்னு தேச்சு எடுத்தாச்சு!"

அவள் சிரித்துக்கொண்டேதான் திரும்பினாள். "இது வருஷக் கடைசிச் சுத்தம். பாத்தாலே தெரியுது. டிசம்பர்ல ஊரே துடைக்குது, இவங்க எஞ்சினுக்குள்ளயும் போயிட்டாங்க. யாரு ஐயா இதைத் துடைச்சது?"

எங்கள் பக்கத்தில் வருஷம் முடிவதற்குள் வீட்டில் ஒரு தூசி இருக்கக் கூடாது. தாழ்வாரம், கூரைச் சட்டம், விளக்கு, மாடம், கார், எல்லாவற்றையும் தேய்த்து வைத்தால்தான் புது வருஷம் உள்ளே வரும். ஆகவே இது யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய தப்பு. சோம்பேறிக்கு மட்டும் வராது.

மசாநோரி வாயைத் திறந்தான். அதற்குள் தொகாஷி ஐயா, "நான்தான்" என்றார்.

"நீங்களா? தனியாவா?"

"தனியாத்தான். டிசம்பர் கடைசியில."

நான் அந்த எஞ்சினைப் பார்த்தேன். அந்த இடம் எஞ்சினுக்குப் பின்னால், காரின் தடுப்போரமாக, உயரத்தில் இருக்கிறது. தமாகியே நுனிக்காலில் நின்று, இரண்டு கையையும் முகத்துக்கு மேலே தூக்கித்தான் எட்டினாள். தொகாஷி ஐயாவின் இடது தோளைப் பார்த்தேன். பிறகு மசாநோரியைப் பார்த்தேன். அவன் காது சிவந்திருந்தது.

தமாகியும் பார்த்துவிட்டாள். அவள் கண்ணுக்கு எது தப்பும்? இந்த இடத்தில் அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும். 'பொய் சொல்லாதீங்க ஐயா' என்று பட்டறை அதிரச் சொல்லி, மசாநோரியைப் பிடித்து நாலு கேள்வி கேட்டு, இரண்டு மாசத்துக்கு எல்லாரிடமும் சொல்லிக்காட்டுவாள். நான் அவள் கையைப் பிடித்து இழுக்கத் தயாராக எழுந்துவிட்டேன்.

அவள், "அப்படியா. சரி, இனிமே செய்யாதீங்க" என்றாள். அவ்வளவுதான். திரும்பி அலமாரியில் எதையோ தேடினாள். எஞ்சினில் அவள் கண்டுபிடித்ததை நான் மெச்சுகிறேன்தான். ஆனால் அந்த நேரத்தில் அவள் வாயை மூடிக்கொண்டாளே, அதை அதைவிடப் பெரிதாக மெச்சுகிறேன். இருபத்தைந்து வருஷமாக அந்த வாயோடு குடித்தனம் செய்கிறவளுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

கருப்புப் பசை ஒரு சின்ன டப்பாவில் இருந்தது. மெல்லிய தூரிகையால் தொட்டு, தகட்டின் ஓரத்தைச் சுற்றிச் சுவரில் மை தீட்டுவதுபோலத் தீட்டினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு தீட்டினாள். கொஞ்சம் அதிகமானால் தகடு ஒட்டிக்கொண்டு கால் வைத்தாலும் திறக்காதாம், கொஞ்சம் குறைந்தால் காற்று விடுமாம். தீட்டுவாள், தகட்டை மூடுவாள், விளக்கை வைத்துப் பார்ப்பாள், ஒரு சொட்டைத் துடைப்பாள், மறுபடி தீட்டுவாள். கடைசியில் அந்தப் பிறை காணாமல் போனது. முடிவெட்டும் கடையில் சிரித்தவர்களை எல்லாம் வரிசையாக நிற்க வைத்து இந்தக் கையைக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

பசை காயக் காத்திருக்க வேண்டியிருந்தது. நான் சோற்று உருண்டை பிடித்துக் கொண்டுவந்தேன். தொகாஷி ஐயா ஒன்றைத் தின்றுவிட்டு, சும்மா உட்கார முடியாமல், மகனுடைய வாடகைக் கார் மேல் விழுந்த பனியைத் தட்டப் போனார். அவர் கதவைச் சாத்தியதுமே மசாநோரி, "நான்தான்" என்றான்.

"தெரியும்" என்றாள் தமாகி.

"வீடியோ ஒண்ணு பாத்தேன். மூணு வருஷமா புது வருஷத்துக்கு வர முடியலையேன்னு, இந்தத் தடவை எல்லாத்தையும் நல்லா செஞ்சுடணும்னு... அப்பா பக்கத்துலயே டார்ச் பிடிச்சுட்டு நின்னாரு. அவருக்குத் தெரியும். அவருக்கு எல்லாம் தெரியும்." அவன் குரல் உடைந்தது. "நான் பண்ணினதுக்கு, நானே வந்து அவர் லைசென்ஸை வாங்கப் போனேன்."

"எங்ககிட்ட என்னத்துக்குச் சொல்ற? போ" என்றாள் தமாகி. கதவைக் காட்டினாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தோம், சத்தம் கேட்கவில்லை. மசாநோரி பனியில் நின்று இடுப்பு வரை குனிந்தான். நிமிரவே இல்லை. தொகாஷி ஐயா கொஞ்ச நேரம் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதன் மேலும் பனி விழுந்துகொண்டிருந்தது. கையிலிருந்த பிரஷால் மகன் முதுகை இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு பிரஷை அவன் கையில் கொடுத்து, தனக்கு எட்டாத கார்க் கூரைப் பக்கத்தைக் காட்டினார்.

அவர் உள்ளே வந்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை. "ஏன் ஐயா முதல்லயே சொல்லல? மினே அம்மாவை அனுப்பறதுக்குக்கூடத் துணிஞ்சீங்களே!"

அவர் அடுப்பின் முன் கையைச் சூடுபடுத்திக்கொண்டார். "உறுதியாத் தெரியாதும்மா. எல்லாரும் கால்னாங்க, கால்தானோன்னு நானும் நினைச்சேன். ஆனா ஒரு சந்தேகம் இருந்துச்சு. மினேகிட்ட சொன்னேன். அன்னிக்கு என்ன குளிர்! கை செவக்கச் செவக்க, பல்லுக் கிட்டிப்போக, எங்களுக்காகத் தேச்சான். அதுவே தப்பாப் போச்சுன்னு அவன்கிட்ட எப்படிச் சொல்றது? அவளும் அதையேதான் சொன்னா. கால்னே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டோம்."

நான் கெட்டிலில் தண்ணீர் ஊற்ற எழுந்து போனேன். அது நிறைந்துதான் இருந்தது.

பசை காய்ந்தது. எல்லாவற்றையும் மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, கம்ப்யூட்டருக்கு மறுபடி பாடம் சொல்லிக்கொடுத்தாள் தமாகி. முள் கீழே போய் உட்கார்ந்தது. பனி போக்கும் பொத்தானை அழுத்தினாள், ஒரு நூல் ஏறிக் கீழே வந்தது. அவள் குச்சியைக் கடித்துக் கேட்டாள். எஞ்சின் ஓடுகிறதா என்று எனக்கே சந்தேகம் வந்து புகைக் குழாய் வாயில் கை வைத்துப் பார்த்தேன், சுடச்சுடக் காற்று வந்தது.

"எஞ்சினைப் பாத்தாச்சு. இப்பக் காலைப் பாக்கணும்" என்று தமாகி அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். முற்றத்தில் சுற்ற வைத்தாள், நிறுத்த வைத்தாள், பின்னால் எடுக்க வைத்தாள், திடீரென்று "பிரேக்!" என்று கத்தினாள். நான்தான் துள்ளினேன், வண்டி ஒழுங்காக நின்றது. இறங்கி வந்து மசாநோரியிடம் தீர்ப்புச் சொன்னாள்.

"கால் ரெண்டும் சரியா இருக்கு. கழுத்துதான் திரும்ப மாட்டேங்குது. பின்னாடி எடுக்கறப்ப உங்க அம்மா இறங்கி நின்னு சொல்லட்டும்." பிறகு ஐயாவிடம் விரலை நீட்டினாள். "என்னிக்காவது கால் தப்புப் பண்ணுச்சுன்னா, நானே வீட்டுக்கு வந்து பிளேட்டைக் கழட்டுவேன். அன்னிக்கு எஞ்சின்னு சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்" என்றார். சட்டைப் பையில் தயாராக எடுத்து வைத்திருந்த லைசென்ஸைப் பர்சுக்குள் வைத்தார். "மினேவைக் கூட்டிட்டு வர நேரமாச்சு. மசாநோரி, நீ பின்னாடி வா. நான் முன்னாடி போறேன்."

அப்போதுதான் முன் பிளேட் ஒரு பக்கமாகத் தொங்குவதைப் பார்த்தேன். தமாகி பையிலிருந்து திருகையும் திருப்புளியையும் எடுத்தாள். தானே போடப் போனவள், என்ன நினைத்தாளோ, இரண்டையும் மசாநோரியிடம் நீட்டினாள். அவன் நல்ல கால்சட்டையோடு பனியில் முழங்காலிட்டு உட்கார்ந்தான். திருகைப் போட்டு, முறுக்கினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் முறுக்கினான். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் முறுக்கினான்.

தொகாஷி ஐயா கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார்.

"போதும்டா. அளவா முறுக்கு."